பாதியில் நின்ற கைகள்: மாத டேட்டா வரம்பும் ஒரு சைகை மொழி வகுப்பும்

வீட்டு இணையத்தின் மாத டேட்டா வரம்பு எங்கள் சைகை மொழிப் பாடங்களை எப்படி நிறுத்தியது, நாங்கள் என்ன செய்தோம் என்று எங்கள் குழுவில் ஏறக்குறைய நான்கு மாதம் நடந்ததன் பதிவு இது. சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆள் யார், இணைய நிறுவனம் எது என்று கண்டுபிடிக்க உதவும் எதையும் சேர்க்கவில்லை. வீடியோ வழியாகப் பாடம் நடத்துகிறவர்கள், அதிலும் ஃபைலைத் தாங்களே தயார் செய்து தாங்களே ஏற்றுகிறவர்கள் இதைப் படித்தால், நாங்கள் செய்த தவறுகளில் ஒன்றிரண்டையாவது தவிர்க்கலாம்.

பின்னணி

நாங்கள் ஆறு பேர். காது கேளாத மாணவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் சைகை மொழியில் நடத்தி, பதிவு செய்து, வாரத்துக்கு மூன்று பாடம் அனுப்புகிறோம். பாடம் நடத்தும் இரண்டு ஆசிரியர்களுக்கும் காது கேட்காது. நான் பாடம் நடத்துவதில்லை, சர்வர், ஃபைல், ஏற்றுவது, இறக்குவது எல்லாம் என் பொறுப்பு. அந்தச் சமயத்தில் 43 மாணவர்கள் இருந்தார்கள்.

ஒரு பாடம் சுமார் 40 நிமிடம். கேமராவில் 1080பி (முழு எச்டி) தரத்தில், நொடிக்கு 50 ஃபிரேமில் (தனிப் படங்களாக) எடுப்போம், அதை அப்படியே 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு 12 மெகாபிட்) ஃபைலாக ஏற்றிவிடுவோம். படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு நல்லது என்ற ஒரே எண்ணம்தான். ஒரு ஃபைல் எத்தனை ஜிபி என்று திரையில் தெரியும், ஆனால் அது பார்க்கிறவர் வீட்டில் என்ன ஆகும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை: 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. அப்படியானால் எங்கள் 12 எம்பிபிஎஸ் பாடம் 40 நிமிடத்துக்கு 3.6 ஜிபி, மணிக்கு 5.4 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகும் என்று சொல்கிறது. ஒரே இடத்தில் நின்று கையசைக்கும் ஒருவரைக் காட்ட நாங்கள் அதைவிட அதிகம் செலவழித்துக்கொண்டிருந்தோம், அதுவும் அடுத்தவர் கணக்கில்.

மாதம் இத்தனை ஜிபிதான் என்ற டேட்டா வரம்புகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை மொபைல் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். 2005இல் யூடியூப் வந்தது, 2007இல் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியே படம் காட்ட ஆரம்பித்தது. அதே 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரன்ட் (பயனர்கள் தங்களுக்குள் ஃபைல் பகிரும் முறை) இணைப்புகளை இடையில் அறுத்துவிடுவது வெளியே தெரிந்தது. 2008 ஆகஸ்டில் அந்த நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அது தவறு என்று ஆணையிட்டது (2010இல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, அது வேறு கதை). 2008 அக்டோபரிலேயே காம்காஸ்ட் வீட்டு இணைப்புகளுக்கு மாதம் 250 ஜிபி என்று வரம்பு வைத்தது. குறிப்பிட்ட ஒரு வகைப் போக்குவரத்தைத் தடுத்தால் கேள்வி வருகிறது, மொத்தமாக அளந்து நிறுத்தினால் அவ்வளவு கேள்வி வருவதில்லை. வீடியோ எல்லா வீட்டுக்கும் வந்த பிறகு, இப்படி மொத்தமாக அளக்கும் முறைதான் பல இடங்களில் நிலைத்தது.

எங்கள் மாணவி ஒருவரின் வீட்டு இணைப்பு இந்த வகைதான். விளம்பரத்தில் 'வரம்பில்லாதது' என்று இருக்கும். கீழே நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்று ஒரு வரி. மாதம் 150 ஜிபி வரை 50 எம்பிபிஎஸ், அதைத் தாண்டினால் அடுத்த பில் தேதி வரை 1 எம்பிபிஎஸ். வீட்டில் நான்கு பேர். மாணவிக்கும் அப்பாவுக்கும் காது கேட்காது, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் கேட்கும். இணைப்பு அப்பா பெயரில், அப்பா எண்ணில். இந்தக் கடைசி விவரம் அப்புறம் முக்கியமாகிறது.

முதலில் கண்டது

அவள் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எங்கள் வகுப்பில் சேர்ந்து மூன்றாவது மாதம், 18ஆம் தேதி, ஒரு வீடியோ செய்தி அனுப்பினாள். இருபது நொடிதான் இருக்கும். இரண்டு கைகளையும் பாடம் சொல்வதுபோல உயர்த்தினாள், பாதியில் அப்படியே நிறுத்தினாள். ஐந்தாறு நொடி அசையவே இல்லை. பிறகு கைகள் சட்டென்று வேறு ஓர் இடத்துக்குத் தாவின, மறுபடி நின்றன. கடைசியில் முகத்தில் ஒரு கேள்வி.

வீடியோ பஃபர் ஆவதை அவள் அப்படிக் காட்டினாள். காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் சில சமயம் ஒலி ஓடிக்கொண்டிருக்கும், ஒரு சொல் விட்டுப்போனாலும் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே படம்தான் பேச்சு. கை நின்றால் ஆசிரியர் வாக்கியத்தின் நடுவில் வாயடைத்து நிற்கிறார் என்று அர்த்தம்.

நாங்கள் என்ன செய்தோம்? ஆப்பை மூடித் திறக்கச் சொன்னோம். வேறு பிரவுசரில் பார்க்கச் சொன்னோம். போனை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னோம். இரண்டு நாள் இப்படியே போனது. அதன் பிறகு அண்ணன் எனக்கு எழுதினான்: "அண்ணா, போன்ல ஒண்ணும் இல்ல, நெட்தான் ஸ்லோ ஆயிடுச்சு. மாசா மாசம் பாதிக்கு மேல இப்படித்தான்."

மாசா மாசம் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அப்படியானால் முந்தைய இரண்டு மாதங்களிலும் இரண்டாம் பாதிப் பாடங்களை அவள் பார்க்கவே இல்லை. கேட்டபோது, தன் போன் பழசு, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன் என்றாள். அவள் வீட்டுப்பாடம் அனுப்பாததை நாங்கள் ஆர்வக் குறைவு என்று குறித்து வைத்திருந்தோம். அந்தக் குறிப்பு என் கையெழுத்தில் இருந்தது.

சர்வர் பதிவில் தெரிந்தது

யார் எவ்வளவு வேகத்தில் இறக்குகிறார்கள் என்பது சர்வர் பதிவில் இருக்கும். அதுவரை நான் அதைத் திறந்து பார்த்தது சர்வர் படுத்துவிட்டதா என்று பார்க்க மட்டும்தான். இந்த முறை ஒவ்வொரு இணைப்பின் வேகத்தையும் மாதம் முழுக்கக் கோடாக வரைந்து பார்த்தேன்.

சாதாரண இணைப்பின் கோடு ஏறி இறங்கும். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து டிவி போடும் நேரத்தில் தொங்கும், விடிகாலையில் நிமிரும். இந்த வீட்டின் கோடு 17ஆம் தேதி வரை அப்படித்தான் போனது. அதன் பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல 1 எம்பிபிஎஸ். இரவு எட்டு மணிக்கும் அதே, அதிகாலை மூன்று மணிக்கும் அதே. நெரிசலாக இருந்தால் இப்படி நேராக இருக்காது. நேராக இருந்தால் யாரோ வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இணைய வேகப் புகார்களைப் பார்க்கிறவர்கள் முதலில் இந்த ஒரு படத்தை வரைந்து பார்த்துவிடுவது நல்லது, பாதி வாக்குவாதம் அதோடு முடிந்துவிடும்.

1 எம்பிபிஎஸ் வேகத்தில் 12 எம்பிபிஎஸ் ஃபைலைப் பார்த்தால், ஒரு நொடிப் பாடத்துக்கு 12 நொடி காத்திருக்க வேண்டும். 40 நிமிடப் பாடம் முடிய 8 மணி நேரம்.

அப்புறம் மற்றவர்களின் கோடுகளையும் வரைந்தேன். 43 பேரில் 11 பேரின் கோடு மாதத்தின் ஏதோ ஒரு நாளில் அதேபோல நேராகியிருந்தது. நேராகும் தேதி ஆளுக்கு ஆள் வேறு, நிற்கும் வேகமும் வேறு, ஆனால் வடிவம் ஒன்றுதான். பதினொரு பேரில் எங்களிடம் வந்து சொன்னது ஒருத்திதான்.

இன்னொன்றும் தெரிந்தது, இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த 17 நாளில் நாங்கள் ஏற்றியது 7 பாடம். ஒருமுறை பார்த்தால் 25 ஜிபி ஆக வேண்டும். அவள் வீட்டுக்கு எங்கள் சர்வரிலிருந்து போயிருந்தது 64 ஜிபி. ஒரு பகுதி, அவள் திரும்பத் திரும்பப் பார்த்தது. சைகை மொழியில் ஒரு சமன்பாட்டைப் புரிந்துகொள்ள இரண்டு மூன்று முறை பின்னால் போவது சகஜம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதி முழுக்க எங்கள் கவனக்குறைவு. பாடப் பக்கத்தைத் திறந்தாலே அதில் இருக்கும் மூன்று வீடியோவும், பிளே அழுத்தாமலேயே, பின்னால் இறங்க ஆரம்பித்துவிடும்படி நான்தான் வைத்திருந்தேன், சட்டென்று ஓடட்டும் என்று. இறக்கம் நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் எங்கள் சர்வரில் இல்லை, முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவள் கண்ணில் படாத வீடியோவுக்கெல்லாம் அவள் வீட்டு மீட்டர் ஓடியிருக்கிறது.

வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தியது, பெரும்பாலும் டிவியில் படம் பார்த்தது, நாளுக்குச் சுமார் 5 ஜிபி. எங்கள் 64ஐயும் சேர்த்தால் 17ஆம் நாள் 150 சரியாகத் தொடுகிறது.

நிறுவனத்திடம் பேசியது

அண்ணன் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தான், என்னையும் சேர்த்துக்கொண்டான். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். டிவியில் படம் பார்ப்பதைக் குறைக்கலாம், அல்லது பெரிய பிளானுக்கு மாறலாம் என்றார். 80 விழுக்காடு தொட்டதுமே எச்சரிக்கை கொடுத்திருக்கிறோமே என்றும் சொன்னார். எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். பதிவு செய்த குரல் அழைப்பாம், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் எண்ணுக்கு.

அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தான். மூன்று மாதத்திலும் ஒரே எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தது. காது கேளாதவர் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை என்ன செய்வார்?

எழுத்தில் எச்சரிக்கை அனுப்ப முடியுமா என்றால், அப்படி ஒரு வசதி தங்களிடம் இல்லை என்றார். புகார் கொடுக்க வேண்டுமென்றாலும் போன்தான் முதல் வழி. அண்ணன் வீட்டில் இல்லாத நாளில் அந்தப் பெண்ணோ அப்பாவோ தங்கள் இணைப்பைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. நாங்கள் ஒரு மின்னஞ்சல் எழுதினோம். பதில் வர 9 நாள் ஆனது, 'உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்' என்று.

அந்தக் காத்திருப்பில் பிளானின் நிபந்தனைகளை முழுக்கப் படித்தோம். உபயோகமான ஒரு வரி அகப்பட்டது: நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இறக்குவது மாதக் கணக்கில் சேராது. சேவை மையத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. மறுபடி கேட்டபோது, ஆமாம், உண்டு என்றார்கள். வரம்பைத் தாண்டிய பிறகு இரவிலும் அதே 1 எம்பிபிஎஸ்தான், ஆனால் தாண்டுவதற்கு முன்னால் இரவில் இறக்குவது இலவசம் மாதிரி.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவால் போக்குவரத்து பெருகிவிட்டது என்பதும், சாயங்கால நெரிசலைத் தாங்கும் அளவுக்கு வலைப்பின்னல் கட்டக் காசு ஆகும் என்பதும் உண்மை. ஆனால் நெரிசல் என்பது அந்தச் சில மணி நேரத்தின் பிரச்சினை. மாத வரம்பு அதிகாலை மூன்று மணி பைட்டையும் இரவு ஒன்பது மணி பைட்டையும் ஒரே விலைக்கு எண்ணுகிறது, 17ஆம் தேதிக்குப் பிறகு யாரும் இல்லாத நேரத்திலும் பிடித்து வைக்கிறது. 2020 மார்ச்சில் உலகமே வீட்டில் உட்கார்ந்தபோது, காம்காஸ்ட் உட்படச் சில நிறுவனங்கள் இந்த வரம்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டன. நெரிசலுக்காகத்தான் வரம்பு என்றால், நெரிசல் அதிகமான அந்த நேரத்தில் எப்படி எடுக்க முடிந்தது? இரவு நேரத்தைக் கணக்கில் சேர்க்காத இந்த நிறுவனத்தின் அந்த ஒரு வரி, வேறு பல பிளான்களைவிட நியாயமானது என்றும் சொல்ல வேண்டும். அதை வாடிக்கையாளருக்குச் சொல்லியிருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கம் எடுத்த முடிவு, அதில் ஒரு தவறு

குழுவில் இரண்டு கருத்து இருந்தது. குடும்பங்களைப் பெரிய பிளானுக்கு மாறச் சொல்லலாம் என்றார்கள் சிலர். பதினொரு குடும்பத்திடம் மாதா மாதம் கூடுதல் பணம் கட்டச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஃபைல் நம்முடையது, குறைப்பதும் நம் கையில் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையர் ஒருவர் கேட்டுக்கொண்டதும் நெட்ஃபிளிக்ஸ் அங்கே 30 நாளுக்கு பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் அளவை) குறைத்தது, போக்குவரத்து சுமார் 25 விழுக்காடு குறையும் என்றது. யூடியூபும் அங்கே எஸ்டி (எச்டியைவிடக் குறைந்த) தரத்தை இயல்பாக வைத்தது. அனுப்புகிற பக்கம் குறைப்பது நடக்கக்கூடிய காரியம்தான். கடைசியில் எல்லாரும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

சரி என்று நான் அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். 480பி, நொடிக்கு 15 ஃபிரேம், 500 கேபிபிஎஸ் (0.5 எம்பிபிஎஸ்). 3.6 ஜிபி ஃபைல் 150 எம்பி ஆனது. என் திரையில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் தெரிந்தது. ஆசிரியர்களிடம் காட்டாமலே அந்த வாரத்தின் மூன்று பாடத்தையும் அப்படி ஏற்றிவிட்டேன்.

எனக்குச் சைகை மொழி பேச வரும், ஆனால் அது என் தாய்மொழி இல்லை. எனக்கு 'நன்றாகத் தெரிவது' எதற்கும் சாட்சி ஆகாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் வீட்டுப்பாடம் வந்தபோது ஆசிரியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். விரல் எழுத்தில் (ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல் வடிவம்) அவர் எழுத்துக் கூட்டிச் சொன்ன ஒரு கலைச்சொல்லை ஐந்து மாணவர்கள் நடுவில் ஓர் எழுத்து இல்லாமல் எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் அதே எழுத்தை விட்டிருந்தார்கள். ஒருவர் விட்டால் கவனக்குறைவு, ஐந்து பேர் ஒரே எழுத்தை விட்டால் அந்த எழுத்து அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பாடத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். விரல் எழுத்து வேகமாகப் போகும், ஓர் எழுத்து நிற்பது நொடியில் ஒரு சின்னத் துண்டுதான். நொடிக்கு 15 ஃபிரேம் என்றால் இரண்டு ஃபிரேமுக்கு இடையில் கிட்டத்தட்ட 67 மில்லி நொடி இடைவெளி. அந்த எழுத்தின் வடிவம் ஒரே ஒரு ஃபிரேமில், அதுவும் அசைவில் குழம்பி, சாம்பல் நிறப் புகைபோல இருந்தது. ஆசிரியர் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "என் விரலை நீ தின்றுவிட்டாய்" என்று சைகையில் சொன்னார்.

இது புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999லேயே வீடியோவில் சைகை மொழி உரையாடலுக்காக ஒரு வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது, நொடிக்குக் குறைந்தது 20 ஃபிரேமாவது இருந்தால் நல்லது என்று அது சொல்கிறது. அந்த மூன்று பாடத்தையும் நீக்கிவிட்டு, மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாவது முறை

இந்த முறை இரண்டு ஆசிரியர்களும் கூட உட்கார்ந்தார்கள், மாணவர்களில் இரண்டு பேரும். ஒரு நிமிடப் பாடத்தை எட்டு விதமாகச் சுருக்கினேன், எது எது என்று சொல்லாமல் காட்டினேன். நால்வரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: படம் கொஞ்சம் மங்கினால் சமாளிக்கலாம், அசைவு விட்டுப்போனால் முடியாது. முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் கேள்வியா, மறுப்பா, எவ்வளவு என்பதெல்லாம் புருவத்திலும் வாயிலும்தான் இருக்கிறது. 50 ஃபிரேமை 25 ஆக்கினால் யாரும் குறை சொல்லவில்லை. அதற்குக் கீழே போகக் கூடாது என்று முடிவு செய்தோம்.

அப்படியானால் அளவை வேறெங்கே குறைப்பது? பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆசிரியருக்குப் பின்னால் ஒரு ஜன்னல் திரை ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்வது. பின்புறம் அசையாமல் இருந்தால் அதற்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. திரைத்துணி ஆடினால் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிது. விரலுக்குப் போக வேண்டிய பிட்டுகளைத் திரைத்துணி தின்றுகொண்டிருந்தது. ஜன்னலை மூடி, ஒரே நிறத்தில் மந்தமான துணி ஒன்றை இழுத்துக் கட்டினோம். ஃபேனை நிறுத்தினோம், ஆசிரியருக்கு வியர்த்தது, நடுநடுவே இடைவெளி விட்டோம்.

அகலமான படச் சட்டத்தில் இரண்டு பக்கமும் வெறும் சுவர்தான் இருந்தது, அதை வெட்டி எறிந்து, தலைக்கு மேல் ஒரு சாண், இடுப்பு வரை, கைகள் விரியும் அகலம் மட்டும் வைத்துக்கொண்டோம். இதனால் உயரத்தை 540 ஆகக் குறைத்தும் கை திரையில் பழைய அளவுக்குக் கிட்டத்தட்டவே தெரிந்தது. இன்னொரு விளக்கு வைத்து ஷட்டர் வேகத்தை (ஒரு ஃபிரேம் பதிவாகும் நேரம்) 1/50 நொடியிலிருந்து 1/200 நொடிக்கு ஏற்றினோம், விரல் புகையாகத் தெரிவது நின்றது. எச்.265 என்ற புதிய சுருக்க முறையில் இன்னும் குறைத்திருக்கலாம், ஆனால் மாணவர்களில் சிலரின் பழைய போனில் அது ஓடவில்லை, பழைய எச்.264லேயே நின்றோம்.

எல்லாம் சேர்ந்து 1.1 எம்பிபிஎஸ். 40 நிமிடப் பாடம் 330 எம்பி. பழையதில் பதினொன்றில் ஒரு பங்கு.

தானாக இறங்குவதை நிறுத்தினேன், பக்கத்தைத் திறந்தால் இப்போது ஒரு நிலைப்படம் மட்டும் வரும். அறுந்த இறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி சர்வரை மாற்றினேன். பாடத்தைப் போனில் சேமித்துக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தோம், ஒருமுறை இறக்கினால் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். பாடங்களை இரவு 11 மணிக்குள் ஏற்றிவிடுவோம், அந்த மாணவியின் போனில் 12.30க்குத் தானாக இறங்கும்படி அண்ணன் அமைத்துக் கொடுத்தான்.

அதன் பிறகு நடந்தது

அடுத்த முழு மாதத்தில் 13 பாடம், மொத்தம் 4.3 ஜிபி. அதுவும் இரவில் இறங்கியதால் வரம்புக் கணக்கில் பெரும்பாலும் சேரவில்லை. இருந்தும் அந்த வீடு 29ஆம் தேதி 150 ஜிபியைத் தொட்டது, ஏனென்றால் நாளுக்கு 5 ஜிபி வீட்டுப் பயன்பாடு அப்படியே இருந்தது. ஆனால் அன்று அவளுக்கு எதுவும் நிற்கவில்லை. 1 எம்பிபிஎஸ் வேகத்திலும் 330 எம்பி ஃபைல் 44 நிமிடத்தில் இறங்கிவிடும், அதாவது பாடத்தின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த மாதம் அவள் 13 பாடத்துக்கும் வீட்டுப்பாடம் அனுப்பினாள். விட்டுப்போன இரண்டு மாதப் பாடங்களையும் புது அளவில் சுருக்கிக் கொடுத்தோம், தேர்வுக்கு முன்னால் முடித்துவிட்டாள்.

கோடு நேரான 11 பேரில் 8 பேருக்குப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பேர் மொபைல் டேட்டாவில் மட்டும் இருந்தார்கள், அவர்களுக்கு மாத வரம்புக்குப் பதில் தினசரி வரம்பு, அதிலும் வீட்டில் ஒரே போன். ஆளுக்கு ஒரு மெமரி கார்டில் மாதப் பாடத்தை ஏற்றித் தபாலில் அனுப்பத் தொடங்கினோம், இன்றும் அனுப்புகிறோம். பதினொன்றாவது ஆள், வேலைக்குப் போய்க்கொண்டே படித்த நடுவயதுக்காரர். நாங்கள் அவரைத் தொடர்புகொண்டபோது அவர் வகுப்பை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. புது ஃபைலை அனுப்பினோம், விளக்கமும் எழுதினோம். எனக்கு இதெல்லாம் வராது என்று தெரிந்துவிட்டது என ஒரு வரி பதில் வந்தது. அவர் பார்த்த கடைசிப் பாடம் பத்து நிமிடத்தில் 31 முறை நின்றிருக்கிறது, பதிவில் இருக்கிறது. அவருக்கு வராமல் போனது பாடம் இல்லை என்று மறுபடியும் எழுதினோம். அவர் திரும்பி வரவில்லை.

இன்று ஆரம்பித்தால் என்ன மாற்றுவோம்

முதல் பாடம் ஏற்றுவதற்கு முன்பே, என் சொந்த இணைப்பை 1 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் கட்டிப்போட்டு, முழுப் பாடத்தையும் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் சில நிமிடத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். அதைச் செய்திருந்தால் மூன்று மாதம் தப்பித்திருக்கும்.

படத்தின் தரத்தை நான் தனியாக முடிவு செய்ய மாட்டேன். எந்த மாற்றமானாலும் இப்போது காது கேளாத ஆசிரியர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லாமல் ஏறுவதில்லை.

சேரும்போதே என்ன இணைப்பு, வரம்பு எவ்வளவு, பில் தேதி எது, இரவுச் சலுகை உண்டா என்று கேட்கிறோம், நிபந்தனையைப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு நாங்களே படித்துச் சொல்கிறோம். ஒரு மாணவர் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் முதலில் அவர் கோட்டைப் பார்க்கிறேன். ஆர்வக் குறைவு என்று எழுதும் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

நிறுவனம் மாற்ற வேண்டியது இரண்டு விஷயம், அதையும் எழுதி அனுப்பியிருக்கிறோம்: 80 விழுக்காடு எச்சரிக்கை எழுத்திலும் வர வேண்டும், புகாருக்கு எழுத்து வழி முதலிலேயே இருக்க வேண்டும். இதுவரை வந்தது அந்தப் 'பரிசீலிக்கப்படும்' பதில் ஒன்றுதான். தொடர்பு எண்ணை அண்ணன் எண்ணுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள், அழைப்பு இப்போது அவனுக்கு வருகிறது. அவன் வேலைக்காக வீட்டை விட்டுக் கிளம்பப்போகிறான், அதற்குள் அடுத்த கடிதத்தை அனுப்பிவிட வேண்டும் என்று இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.